பெரியத்தானுக்கு நான் அடிச்ச ஃப்ளெக்ஸ்

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ராஜபாளையம் போய் ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சுட்டு வரணும்.

அம்புட்டுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வந்திரலாம்னு குழம்பைக்கூட மூடி வச்சுட்டுத்தான் கிளம்பினேன்.

விஷயம் என்னன்னா, எங்க வீட்டுக்காரரோட அண்ணன் மிலிட்டரில டிரைவரா இருந்து ரிட்டயர்டு ஆகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாராரு. நான் அவரைப் பெரியத்தான்னு கூப்பிடுவேன். ஞாயித்துக்கிழமை வாசல்ல பந்தல் போட்டு விருந்து. அந்த விருந்துக்கு, பெரியத்தான் நாலு வருஷம் யாருக்கு ஜீப் ஓட்டினாரோ, அந்த மேஜர் மேடமே வாராங்களாம்! பஞ்சாப்காரங்க. இப்ப வேலை திருவனந்தபுரத்துல. அங்கேருந்து கார்லயே வாராங்க.

"அந்தம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால ஃப்ளெக்ஸ் இங்கிலீஷ்ல இருக்கணும்"னு மாமா சொன்னாரு.

மாமான்னா என் மாமனார். ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு. ரிட்டயர்டு ஆனது உத்தியோகம் மட்டுந்தான். விசாரணை இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு.

அவர் சொல்லி முடிச்சதும் வீட்டுல எல்லாரும் ஒண்ணு போல என்னையத் திரும்பிப் பார்த்தாங்க.

ஏன்னா நான் பி.ஏ. இங்கிலீஷ். தபால் வழியில. கைடு புண்ணியத்துல.

அதை வச்சு வீட்டுல பதினோரு புள்ளைகளுக்கு டியூஷன் வேற எடுக்கேன். எங்க தெருவுல மருந்து டப்பா, மிக்ஸி வாரண்டி கார்டு, பேங்க்ல இருந்து வார லெட்டர், இங்கிலீஷ்ல எது இருந்தாலும் நேரா என்கிட்டதான் வரும். நானும் எல்லாம் புரிஞ்ச மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கிட்டு வாசிப்பேன்.

"இங்கனயே அடிக்கலாமே, ராஜபாளையம் எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"இங்க போன மாசம் ஒரு காதுகுத்துக்கு அடிச்சதுல வெல்கம்ல ஒரு எழுத்தைக் காணோம். ராஜபாளையத்துல ஒரு கடை இருக்கு. ஸ்பெல்லிங் மிஸ்டேக்கே வராது"ன்னார் எங்க வீட்டுக்காரர்.

உண்மைதான் மக்களே. ஸ்பெல்லிங் மிஸ்டேக் ஒண்ணுகூட வரல. வந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு வரி எழுதி மாமாகிட்ட காட்டினேன். மேல, பெரியத்தான் புள்ளைக சொல்லுத மாதிரி 'வொண்டர்ஃபுல் ஃபாதர்'. கீழ 'டயர்லெஸ் சோல்ஜர்'.

மாமா பேப்பரைத் தூரமா வச்சுப் பார்த்தாரு. கிட்ட வச்சுப் பார்த்தாரு.

"டயர்லெஸ்னா?"

"களைப்பே இல்லாதவர் மாமா. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்குப் பின்னால லெஸ் சேர்த்தா இல்லைன்னு அர்த்தம். ஃபுல் சேர்த்தா நெறைய இருக்குன்னு அர்த்தம். ஹோம்லெஸ்னா வீடு இல்லாதவன். பவர்ஃபுல்னா பவர் நெறைஞ்சவன்."

டியூஷன் வாத்திச்சி வாயை மூடிக்கிட்டுப் போயிருக்கலாம். விளக்கம் குடுத்துட்டேன்.

"அப்ப டயர்லெஸ்னா டயர் இல்லாதவன்"னாரு மாமா.

"இல்ல மாமா, அந்த டயர் வேற, இந்த டயர் வேற."

"ஏம்மா, ஆயுசு பூரா வண்டி ஓட்டினவனை டயர் இல்லாதவன்னு எழுதி வாசல்ல தொங்கவிடச் சொல்லுதியா? தெருவுல போறவன் வாசிச்சா சிரிக்க மாட்டான்?"

அடுப்படியிலேருந்து அத்தை குரல் வந்துச்சு. "ஏட்டி செல்வி, லெஸ்ஸே வேணாம்! துணிக்கடையில விக்காத சரக்குக்குத்தான் லெஸ்ஸுன்னு போடுவான். நல்லா ஃபுல்லா ஒரு வார்த்தையைப் போடு!"

"போற வழியில யோசிச்சுக்கிடுதேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

யோசிக்கணும்னா உக்காரணும். உக்கார எடம் கிடைக்கல. ஒரு கையில கம்பி, ஒரு கையில பை, கால் மேல யாரோ ஒரு ஆளோட கால். ராஜபாளையத்துல இறங்கும்போது மண்டையில ஒரு வார்த்தையும் இல்ல.

கடையில கம்ப்யூட்டர் முன்னால ஒரு அண்ணாச்சி. அம்பது வயசுக்கு மேல இருக்கும், கண்ணாடி மூக்கு நுனியில. பக்கத்துல கல்லாவுல அவர் சம்சாரம். அண்ணாச்சி கடகடன்னு அடிச்சாரு. பெரியத்தான் போட்டோ வந்துச்சு, தேசியக்கொடி வந்துச்சு, ரெண்டு ஓரத்துலயும் ரோஜாப்பூ வந்துச்சு. 'வொண்டர்ஃபுல் ஃபாதர்' வந்துச்சு. கீழ 'சோல்ஜர்' மட்டும் ஒத்தையா நின்னுச்சு.

"முன்னால எடம் சும்மா கெடக்கே. என்ன சோல்ஜர்மா?"

"ஆசம்னு போடுங்க அண்ணாச்சி."

டியூஷன் புள்ளைக எதுக்கெடுத்தாலும் சொல்ற வார்த்தை அது. முட்டை பப்ஸுக்குக்கூட ஆசம்னுதான் சொல்லும்.

அங்கயே விட்டிருக்கலாம்ல? விடல. மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு போன் போட்டேன். ஸ்பீக்கர்ல வேற போட்டேன்.

"ஆசம் மாமா. ஆன்னா பிரமிப்பு. நாமளும் ஆன்னுதானே வாயைப் பொளக்கோம்?"

"சரி. சம்னா?"

"சம்னா... கொஞ்சம்."

"கொஞ்சமா! எல்லையில போய் நின்னவன் உனக்குக் கொஞ்சமா? உங்க அத்தை ஃபுல்லாத்தானே போடச் சொன்னா?"

"ஐயா கேக்குறதும் நியாயந்தானே?"ன்னாரு அண்ணாச்சி.

அந்த எடத்துலதான் மக்களே, எனக்குள்ள இருந்த பி.ஏ. இங்கிலீஷ் எந்திரிச்சு நின்னுச்சு.

ஆ கூட சம் சேர்ந்தா கொஞ்சம் பிரமிப்பு. அப்ப ஆ கூட ஃபுல் சேர்ந்தா? முழுப் பிரமிப்பு! வொண்டர், வொண்டர்ஃபுல். பியூட்டி, பியூட்டிஃபுல். ஆ, ஆஃபுல்! இலக்கணப்படி இதைவிடச் சுத்தமா ஒரு வார்த்தை இருக்கவே முடியாது!

இதுல இன்னொண்ணு. அந்த வார்த்தையை நான் முன்னாடியே எங்கயோ பார்த்த மாதிரி ஞாபகம் வேற வந்துச்சு. அதனால நம்பிக்கை இன்னும் கூடிப்போச்சு. எந்த அர்த்தத்துல பார்த்தேங்கிறதுதான் ஞாபகம் வரல.

"ஆஃபுல் சோல்ஜர்னு போடுங்க"ன்னேன்.

போன்ல மாமா, "ஆங், இது வார்த்தை!"ன்னாரு.

நான் சொன்ன எழுத்துகளை அண்ணாச்சி அடிச்சாரு. அடியில சிவப்புக் கோடு வந்துச்சு. மவுஸை ஒரு தட்டு தட்டினாரு. நடுவுல இருந்த 'ஈ'ங்கிற எழுத்தை கம்ப்யூட்டரே எடுத்துட்டு, கோட்டையும் அழிச்சுருச்சு.

"பார்த்தீகளா, ஒரு எழுத்து கூடப் போட்டிருந்தீக. இப்ப சரியாப்போச்சு"ன்னாரு.

அவர் சம்சாரம் எட்டிப் பார்த்து, அவங்க வீட்டுத் தெலுங்குல "பாகுந்தி"ன்னாங்க. நல்லாருக்காம்.

பத்துக்கு ஆறடி. சுருட்டி, வீட்டுல ஏதோ கோப்பை ஜெயிச்ச மாதிரி தோள்ல தூக்கிக்கிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பெரியத்தான் வந்து இறங்கினாரு. வாசல்ல கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாரு. பெட்டியைக் கீழ வைக்கக்கூட இல்ல.

"செல்வி, எனக்காகவாம்மா இது?"

"ஆமா அத்தான்."

"என்னம்மா போட்டிருக்க?"

"பிரமிப்பு நெறைஞ்ச ராணுவ வீரர்னு அத்தான்."

மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "என் மூஞ்சியை இம்புட்டுப் பெருசா நான் எங்கயும் பார்த்ததில்லம்மா"ன்னாரு. ஃப்ளெக்ஸ் முன்னால நின்னு ஒரு செல்பி எடுத்து, கூட வேலை பார்த்தவங்க வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பினாரு.

செத்த நேரத்துல பதில் வந்து குவிஞ்சிருச்சு. எல்லாம் கண்ணுல தண்ணி வரச் சிரிக்குற மூஞ்சி.

"பாரும்மா, எம்புட்டு சந்தோஷப்படுதானுவ"ன்னாரு பெரியத்தான்.

நானும் சந்தோஷப்பட்டேன். படாம?

ஞாயித்துக்கிழமை பதினோரு மணி. பந்தல் நெறைஞ்சிருச்சு. என் டியூஷன் புள்ளைகளோட அம்மா அப்பா எல்லாரும் வந்திருக்காங்க. வந்தவங்க வாசல்ல நின்னு ஃப்ளெக்ஸைப் பார்த்துட்டு, "நீங்களா டீச்சர் எழுதுனது?"ன்னு கேக்க, நான் தலையைச் சாய்ச்சு, "சும்மா ரெண்டு வரி"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

அப்பதான் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா வந்தாங்க. குவைத்துல ஒம்பது வருஷம் நர்ஸா இருந்துட்டு வந்தவங்க. ஃப்ளெக்ஸைப் பார்த்தாங்க. என்னையப் பார்த்தாங்க. என் முழங்கையைப் புடிச்சு ஓரமா இழுத்துட்டுப் போனாங்க.

"செல்வி, பெரியத்தான் மேல உனக்கு என்ன கோவம்?"

"கோவமா? எனக்கு எதுக்குக்கா கோவம்?"

"பின்ன எதுக்கு ஆஃபுல்னு போட்டிருக்க? ஆஃபுல்னா படுமோசம்னுல்ல அர்த்தம்?"

"இல்லக்கா. ஆன்னா பிரமிப்பு, ஃபுல்னா..."

"ஏட்டி, குவைத்துல நான் போன புதுசுல ஹெட் நர்சு என் கையெழுத்தைப் பார்த்து தினம் ஆஃபுல், ஆஃபுல்னு சொல்லுவா. நானும் பாராட்டுதான்னு நெனச்சு மூணு மாசம் தேங்க்யூ சொல்லிக்கிட்டிருந்தேன். இந்த வார்த்தையை எனக்கா தெரியாது?"

போனை எடுத்து டிக்ஷனரியைத் தட்டினேன்.

ஆஃபுல்: மிக மோசமான, அருவருப்பான.

அருவருப்பான சோல்ஜர். பத்துக்கு ஆறடியில. ரெண்டு பக்கமும் ரோஜாப்பூ!

அதே நேரம் பார்த்து பெரியத்தான் போனை வச்சுக்கிட்டு ஓடி வாராரு. "மேடம் ராஜபாளையம் தாண்டியாச்சாம்!"

இருபது நிமிஷம். அதுக்குமேல இல்ல.

ஃப்ளெக்ஸைக் கழட்டினா மாமா ஏன்னு கேப்பாரு. சொன்னா பந்தலே கேக்கும். நான் வீட்டுக்குள்ள ஓடி, டியூஷன் சார்ட் பேப்பரை வெட்டி, மார்க்கர்ல கொட்டை எழுத்துல 'சம்'முன்னு எழுதினேன். கொஞ்சமோ நஞ்சமோ, ஆசம்னே இருந்துட்டுப் போகட்டும்! கம்ப்யூட்டர் புடுங்கின அந்த 'ஈ' எழுத்தையும் மறக்காம முன்னால சேர்த்தேன். பின்னால பசை தடவி எங்க வீட்டுக்காரர் கையில குடுத்தேன்.

"ஏணியில ஏறி, ஃபுல்லுன்னு இருக்குல்ல, அது மேல இதை ஒட்டிட்டு வாங்க. எதுக்குன்னு கேக்காதீங்க!"

"எதுக்கு?"

"கேக்காதீங்கன்னேன்ல!"

அவர் ஏறிட்டாரு. நான் அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணியை அப்படியே குடிச்சேன். வெளிய கார் ஹாரன். ஓடி வந்து ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தேன்.

அதுல ரெண்டு ஃபுல் இருக்குன்னு நான் அவருக்குச் சொல்லல.

மேல வரியில வொண்டர்ஃபுல்ல இருந்த ஃபுல் மேல சுருக்கமே இல்லாம, அழகா, சம்மை ஒட்டியிருந்தாரு. கீழ ஆஃபுல் சோல்ஜர் ஒரு தூசு படாம மின்னிக்கிட்டிருந்துச்சு.

"சரியா ஒட்டிட்டேன்ல?"ன்னாரு ஏணியிலேருந்து இறங்கிக்கிட்டே.

மேஜர் மேடம் காரை விட்டு இறங்கினாங்க. நல்ல உயரம், நரைச்ச கிராப்பு. பெரியத்தான் விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சாரு. மேடம் திருப்பி அடிச்சாங்க. அப்புறம் நிமிர்ந்து ஃப்ளெக்ஸைப் பார்த்தாங்க.

வாசிச்சாங்க. திரும்ப ஒருக்கா வாசிச்சாங்க.

"இதை யார் எழுதினது?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க.

பந்தல்ல இருந்த அம்புட்டுக் கையும் என்னையக் காட்டுச்சு. மாமா எந்திரிச்சு நின்னே காட்டுனாரு. "மை டாட்டர் இன் லா. பி.ஏ.!"

மேடம் என் பக்கம் வந்தாங்க. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுரணும்னு முடிவு பண்ணி, வாயைத் திறந்தேன்.

"மேடம், ஐ ஆம் வெரி எம்பாரஸிங்!"

சொன்ன உடனே தெரிஞ்சு போச்சு. எம்பாரஸ்டுன்னு சொல்லியிருக்கணும். நான் கூச்சப்படுதேன்னு சொல்லப் போய், என்னையக் கூட்டிக்கிட்டு நடந்தா உங்களுக்குத்தான் கூச்சம்னு சொல்லிட்டேன். டியூஷன்ல வருஷா வருஷம் நடத்துத பாடம் இது! படம் போரிங், பார்க்குத நான் போர்டு. எத்தன தடவ போர்டுல எழுதிப் போட்டிருப்பேன்!

மேடம் உதட்டைக் கடிச்சாங்க. தோள் குலுங்குச்சு. அப்புறம் வாய்விட்டுச் சிரிச்சுட்டாங்க. பந்தலே எதுக்குன்னு தெரியாம கூடச் சேர்ந்து சிரிச்சுச்சு.

பெரியத்தான் மட்டும் சிரிக்கல. அவர் மேடம் மூஞ்சியப் பார்த்தாரு, என் மூஞ்சியப் பார்த்தாரு. ஏதோ தப்புன்னு புரிஞ்சிருச்சு. அவர் மூஞ்சி சின்னதா ஆனதைப் பார்த்தப்போ, நெசமா சொல்லுதேன், எனக்கு அங்கனயே அழுகை வந்துருச்சு. அவர் முதல்நாள் அந்த வாசல்ல பெட்டியோட நின்னது கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு.

மேடம் சிரிப்பை அடக்கிட்டு அவர் தோள்ல கை வச்சாங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷ்ல சொன்னாங்க. என்னையத் தமிழ்ல சொல்லச் சொன்னாங்க.

"இந்த வார்த்தைக்கு இன்னைக்கு அர்த்தம் வேற. ஆனா ரொம்ப ரொம்பப் பழைய இங்கிலீஷ்ல, பார்த்தவங்க உறைஞ்சு போற மாதிரி ஒருத்தர்னுதான் அர்த்தம். நீங்க தப்பா எழுதல. கொஞ்சம் லேட்டா எழுதியிருக்கீங்க."

நான் தமிழ்ல சொன்னேன். கடைசி வரியை மட்டும் விழுங்கிட்டேன்.

"ஒரு தடவை மலை இறக்கத்துல ஜீப்புக்கு பிரேக் போயிருச்சு. ஒரு பக்கம் பள்ளம். இந்த ஹவில்தார் சத்தமே போடல. என்னையத் தலையைக் குனிஞ்சுக்கச் சொல்லிட்டு, வண்டியைப் பாறையோட உரசி உரசி நிறுத்தினார். அவர் பக்கத்துக் கதவு இல்லாமப் போச்சு. நிறுத்திட்டு, டீ குடிக்கிறீங்களா மேடம்னு கேட்டார். அன்னைக்கு நான் உறைஞ்சு போய்த்தான் உக்காந்திருந்தேன். அதனால எனக்கு இந்த ஃப்ளெக்ஸ்ல ஒரு தப்பும் தெரியல."

இதை ஒரு வரிகூட விழுங்காம தமிழ்ல சொன்னேன்.

அத்தை முன்னால வந்து பெரியத்தான் சட்டையைப் புடிச்சாங்க.

"ஏலே, இம்புட்டு நடந்திருக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ சாப்பிட மாட்டியேம்மா."

அத்தை அவர் முதுகுல ஒண்ணு வச்சாங்க. பொறவு முந்தானையால கண்ணைத் துடைச்சுட்டு, "எல்லாரும் சாப்பிட வாங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

அதோட முடிஞ்சிருச்சுன்னுதான் நானும் நெனச்சேன்.

பந்தியில மேடமுக்கு முதல் இலை. காலையில அஞ்சு மணியிலேருந்து அத்தை கையால செஞ்ச ஆட்டுக்கறிக் குழம்பு. மேடம் இலைக்கு மேல குனிஞ்சு மூச்சை நல்லா இழுத்தாங்க. நிமிர்ந்து, அத்தையைப் பார்த்து, பந்தலுக்கே கேக்குற மாதிரி தமிழ்ல சொன்னாங்க:

"அம்மா! ரொம்ப நாத்தமான சாப்பாடு!"

அத்தை கையில கரண்டி அந்தரத்துல நின்னுச்சு. பக்கத்து இலைக்காரரு எடுத்த கவளத்தைத் திரும்ப இலையிலயே வச்சுட்டாரு.

மேடம் பெருமையா என் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல விளக்கினாங்க. நாலு வருஷம் ஜீப்புலயே கத்துக்கிட்ட தமிழாம். அழகு, அழகான. சுத்தம், சுத்தமான. வண்டியில டீசல் வாசம் வரும்போதெல்லாம் ஹவில்தார் "நாத்தம் அடிக்குது மேடம்"பாராம். அப்ப நாத்தம்னா வாசனை. நாத்தம், நாத்தமான. சரிதானே?

அவங்க மூஞ்சியைப் பார்த்தேன். ஃப்ளெக்ஸ் கடையில என் மூஞ்சியும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"ரூல் எல்லாம் ரொம்பச் சரி மேடம். ஆனா நல்ல வாசனைக்கு நாங்க மணம்னு சொல்லுவோம்"னேன்.

"மணம்!"னாங்க. நான் தடுக்கதுக்குள்ள அடுத்த படியையும் அவங்களே ஏறிட்டாங்க. எந்திரிச்சுப் போய், அத்தையோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, மனசாரச் சொன்னாங்க:

"அம்மா, நீங்க ரொம்ப மணமான அம்மா!"

அத்தை அவங்களை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"பின்ன? மணமாகாமயா ரெண்டு புள்ளை பெத்தேன்?"

மாமா இலையிலேருந்து தலையைத் தூக்கவே இல்ல.

இப்பல்லாம் யாரையாவது பாராட்டணும்னா, பேசாம கைதட்டிட்டு வந்திருதேன்.